ஆஸ்திரேலியா ஆண்டிஜெனும் சித்தப்பாவின் நெறிகட்டும்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கத்திலிருந்து சித்தி போன் பண்ணினார். சித்தப்பாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்ததும், அது சளியால் கட்டிய நெறி இல்லை என்று பயாப்சியில் தெரிந்ததும் அதற்கு இரண்டு வாரம் முந்தின கதை. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா. நிணநீர்ப் புற்றுகளில் அதிகம் பார்க்கக் கிடைக்கிற வகை, வேகமாக வளர்வது, ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது. கீமோ தொடங்க எட்டு நாள் இருந்தது.

"தம்பி, ஒரு கட்டுரை வந்திருக்கு, உனக்கு அனுப்பியிருக்கேன் பாரு. காமாலை வந்தவங்களுக்குப் பின்னாடி இந்த கேன்சர் வருமாம். நூத்துக்கு எழுபத்தி நாலு பேருக்குன்னு போட்டிருக்கான். இவருக்குத் தொண்ணூத்தி ரெண்டுல வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான்தானே கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இது வந்திருக்காதுல்ல?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் சித்தி போன் பண்ணியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கொள்ளிடக் கரையில் பறித்த ஒரு செடியை மோரில் கலந்து கொடுத்ததற்காக ஒருத்தர் ராத்திரி தூங்காமல் இருக்கிறார். அந்தக் கட்டுரையை எழுதியவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

நான் மருத்துவன் இல்லை. உயிர்வேதியியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவன், ஆய்வுக் கட்டுரைகள் படிக்கிற கெட்ட பழக்கம் மட்டும் விடவில்லை. கீழே வருவது அந்த வாட்ஸ்அப் கட்டுரைக்கான விமர்சனம். ஆனால் எழுத எழுத அது அந்தக் கட்டுரையோடு நிற்கவில்லை.

முதலில் அந்த 74. இது கற்பனை எண் இல்லை. 2010-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் எங்கெல்ஸ் என்பவரும் கொரிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 6,03,585 கொரியர்கள். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆண்டிஜென் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 53,045 பேருக்கு, அதாவது 100-க்கு 9 பேருக்கு, இருந்தது. பிறகு ஏறக்குறைய 14 வருடம் யாருக்கு நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா வருகிறது என்று கணக்கு வைத்தார்கள். வயது முதலானவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, வைரஸ் இருந்தவர்களுக்கு நோய் வரும் வேகம் இல்லாதவர்களைப் போல 1.74 மடங்கு.

1.74 மடங்கு என்றால் 74 சதவீதம் அதிகம். "74 சதவீதம் அதிகம்" என்பதில் "அதிகம்" என்ற ஒரு சொல் கழன்று விழுந்தால் "74 சதவீதம் பேருக்கு" ஆகிவிடும். அதுதான் நடந்திருக்கிறது.

இப்போது கீழே இருக்கிற எண்ணைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் பின்னத்துக்குத் தொகுதி, பகுதி என்று சொல்லித் தந்தார்களே, அந்தப் பகுதி. வைரஸ் இருந்த 53,045 பேரில் லிம்போமா வந்தவர்கள் 133 பேர். இல்லாத ஐந்தரை லட்சம் பேரில் 905 பேர். அதாவது வைரஸ் உள்ளவர்களில் சுமார் 400 பேருக்கு ஒருவர், இல்லாதவர்களில் சுமார் 600 பேருக்கு ஒருவர், அதுவும் 14 வருடத்தில். ஒரு லட்சம் பேரை ஒரு வருடம் கவனித்தால் 12 பேர் என்பது 19 பேர் ஆகிறது. அந்த ஏழு பேர் யாருக்கோ அப்பா, யாருக்கோ சித்தப்பா, அதை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் "நூத்துக்கு எழுபத்தி நாலு" வேறு ஊர்க் கணக்கு.

ஒப்பிட இன்னொரு எண் சொல்கிறேன். இதே வைரஸுக்கும் கல்லீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1981-இல் பீஸ்லி குழு தைவானில் 22,707 ஆண்களிடம் கணக்கிட்டது. அங்கே வந்த எண் 223 மடங்கு. 223 எங்கே, 1.74 எங்கே! ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவர் பயப்பட வேண்டுமென்றால் கல்லீரலுக்காகப் பயப்படட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கட்டும். அந்தக் கட்டுரையில் கல்லீரல் புற்று பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய செய்தி யார் படிப்பாங்க என்று விட்டிருப்பார்கள்.

இன்னொரு பெரிய கோளாறு "காமாலை" என்ற சொல்லில் இருக்கிறது. நம் மொழியில் கண் மஞ்சளானால் காமாலை. அது தண்ணீரில் வரும் ஏ, ஈ வைரஸாக இருக்கலாம், ரத்தத்தில் வரும் பி, சி-யாக இருக்கலாம், பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாகக்கூட இருக்கலாம். நம் ஊரில் பெரியவர்களுக்குத் திடீரென வரும் காமாலையில் பெரும்பங்கு ஈ வைரஸுடையது. சாதாரணமாக அது வந்த வழியே போய்விடும், நாள்பட்டு உடம்பில் தங்காது. கொரிய ஆய்வு பேசுவது நாள்பட்டுத் தங்கிய பி வைரஸைப் பற்றி. அப்படித் தங்கியவர்களில் பலருக்கு ஒரு நாளும் கண் மஞ்சளானதே இல்லை. ஆக, காமாலை வந்த பலருக்கு அந்த ஆய்வு பொருந்தாது, பொருந்துகிற பலருக்குத் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே தெரியாது.

சரி, 1.74 என்பதையாவது நம்பலாமா? நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன், ஒரு காரணத்தால். ரத்தம் எடுத்தது முதலில், நோய் வந்தது பிறகு. இந்த வரிசை ஏன் முக்கியம் என்று விளக்க இதே ஆண்டிஜெனின் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த கதை, கொஞ்சம் நீளும்.

1963-வாக்கில் அமெரிக்காவில் பாரூக் பிளம்பெர்க்கும் ஹார்வி ஆல்டரும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த ரத்த மாதிரிகளை ஒன்றோடொன்று வினைபுரிய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது வைரஸ் இல்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதைத்தான் தேடினார்கள். பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு ஹீமோஃபீலியா நோயாளியின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு வினைபுரிந்து கோடு காட்டியது. அதனால் அந்தப் பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆண்டிஜென் என்று பெயர் வைத்தார்கள். சாதாரண அமெரிக்கர்களிடம் தேடினார்கள், அநேகமாக இல்லை. ரத்தப் புற்று நோயாளிகளிடம் தேடினார்கள், கிடைத்தது. 1965-இல் ஜாமா இதழில் கட்டுரை வந்தது. தலைப்பே லுகீமியா நோயாளிகளின் சீரத்தில் ஒரு "புதிய" ஆண்டிஜென் என்பதுதான்.

கவனியுங்க. இன்று நாம் ஹெபடைடிஸ் பி என்று சொல்லும் வைரஸ், மருத்துவ இலக்கியத்துக்குள் ரத்தப் புற்றின் அடையாளம் என்ற வேஷத்தில்தான் நுழைந்தது. லுகீமியா வரும் வாய்ப்பைக் காட்டும் பரம்பரைக் குறியாக இருக்குமோ என்று அவர்கள் யோசித்தார்கள். அப்படியானால் லுகீமியா அதிகம் வரக்கூடிய டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடமும் இது இருக்க வேண்டுமே என்று பார்த்தார்கள். இருந்தது! கருதுகோள் ஜெயித்துவிட்டது போலவே தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் சோதித்தது பெரிய விடுதிகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களை, அங்கே தொற்று சுலபமாகப் பரவும். முதலில் ஆண்டிஜென் இல்லாத ஒருவருக்குப் பின்னால் அது தோன்றியது, கூடவே ஹெபடைடிஸும். பரம்பரைக் குறி பாதியில் முளைக்காது. அங்கேதான் கதை திரும்பியது. லுகீமியா நோயாளிகளிடம் அது இருந்ததற்குக் காரணம், அவர்களுக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள், ரத்தத்தோடு வைரஸும் ஏறியது, நோயால் பலவீனமான உடம்பு அதை விரட்டவில்லை. புற்று முதலில், வைரஸ் பிறகு.

பிளம்பெர்க்குக்கு 1976-இல் நோபல் கிடைத்தது. தன் முதல் விளக்கத்தைத் தானே உடைத்தவர் என்பதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. (ஆல்டருக்கு 2020-இல்தான் கிடைத்தது, ஹெபடைடிஸ் சி-க்காக. 55 வருடம் ஒரே ரத்தக் குழாயை முறைத்துப் பார்த்தால் நோபல் வரும் போலிருக்கு.)

புற்று வந்தபின் மருத்துவமனையில் ரத்தம் எடுத்து "இதோ வைரஸ்" என்று சொல்கிற ஆய்வுகளை நான் ஒரு கண் மூடித்தான் படிப்பேன், காரணம் இதுதான். இந்தத் துறையில் அந்த மாதிரி ஆய்வுகள் ஏராளம். கொரிய ஆய்வு அந்தக் குழியில் விழவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் 2012-இல் வெளியிட்ட தொகுதியில் ஜாக்கிரதையாகத்தான் பேசுகிறது. ஹெபடைடிஸ் பி-க்கும் இந்த லிம்போமாவுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது என்கிறது, அவ்வளவுதான். ஹெபடைடிஸ் சி-க்கு மட்டும் போதிய ஆதாரம் உண்டு என்று நேராகவே சொல்கிறது.

சி-க்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? பல ஆய்வுகள் உண்டு, எனக்குப் பிடித்தது ஒன்பதே நோயாளிகளைக் கொண்ட ஒன்று. 2002, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், ஹெர்மின் என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு. மண்ணீரலில் மெதுவாக வளரும் ஒருவகை லிம்போமாவும் கூடவே ஹெபடைடிஸ் சி-யும் இருந்த ஒன்பது பேர். அவர்களுக்குப் புற்று மருந்து கொடுக்காமல் வைரஸுக்கான இன்டர்ஃபெரான் கொடுத்தார்கள். ரத்தத்திலிருந்து வைரஸ் மறைந்த ஏழு பேருக்கு லிம்போமாவும் அடங்கியது. பிறகு ஒருவருக்கு வைரஸ் திரும்பியது, லிம்போமாவும் திரும்பியது. இன்டர்ஃபெரானே புற்றை அடக்கியிருக்குமோ என்று கேட்பீர்கள். அதே லிம்போமா இருந்து வைரஸ் இல்லாத ஆறு பேருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை. ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, அணைத்தால் அணைகிறது, பக்கத்து வீட்டு விளக்கு அசையவில்லை. ஆறு லட்சம் பேரால் சொல்ல முடியாததை இந்தப் பதினைந்து பேர் சொல்லிவிட்டார்கள்.

எப்படி நடக்கிறது என்பதற்கும் ஓரளவு நம்பத்தக்க விளக்கம் இருக்கிறது. பி செல்கள்தான் எதிரியைப் பார்த்ததும் பெருகி ஆண்டிபாடி தயாரிக்கிறவை. எதிரி போனதும் கூட்டம் கலைய வேண்டும். வைரஸ் இருபது முப்பது வருடம் தங்கிவிட்டால் கூட்டம் கலைவதே இல்லை, பெருகிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபணுவில் ஒரு பிழை விழ வாய்ப்பு. போதாததற்கு, சி வைரஸின் மேலுறைப் புரதம் பி செல்லின் மேல் உள்ள சிடி81 என்ற மூலக்கூறிலேயே போய் ஒட்டுகிறது என்று 1998-இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். பி வைரஸ் வேறு மாதிரி, தன் டிஎன்ஏ-வை நம் செல்லின் டிஎன்ஏ-வுக்குள்ளேயே செருகிக்கொள்ளக் கூடியது. கல்லீரலில் அது செய்வது நன்றாகத் தெரிந்த கதை. பி செல்லில் அதே வேலையைத்தான் செய்கிறதா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டில், பஞ்சாப் போன்ற இடங்களோடு ஒப்பிட்டால், சி குறைவு. நமக்குக் கவலை பி. அதனால் சித்தியின் கீழாநெல்லிக்குத் திரும்புகிறேன்.

கீழாநெல்லி என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்தச் செடிக்கும் லான்செட்டுக்கும் சம்பந்தம் உண்டு, நம் சென்னை வழியாக. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் மற்றவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர் பட்டியலில் கடைசிப் பெயர், சாட்சாத் பாரூக் பிளம்பெர்க். ஹெபடைடிஸ் பி தங்கியிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு குழுவுக்கு வெறும் பொடி. முடிவு: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆண்டிஜென் மறைந்தது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 59 சதவீதம், 4 சதவீதம். அதிலும் சிலரை ஒன்பது மாதம் வரை கவனித்திருக்கிறார்கள், ஆண்டிஜென் திரும்பவில்லை. உலகமே திரும்பிப் பார்த்தது, பார்க்காமல் இருக்குமா?

நான் இதைக் கல்லூரியில் பெருமையோடு படித்தவன். இப்போது மறுபடி படிக்கும்போது கண் கீழே இருக்கிற எண்ணுக்குப் போகிறது. ஆய்வில் சேர்ந்தவர்கள் 78 பேர். கணக்கில் வந்தவர்கள் 37-உம் 23-உம், ஆக 60. மீதி 18 பேர் எங்கே? இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரித்திருந்தால், காணாமல் போனவர்களில் பெரும்பாலானவர்கள் வெறும் பொடிக் குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்கள் திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டுரையே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் அழைத்துக்கொண்டது, அந்த நேர்மை அவர்களுக்கு இருந்தது. பிறகு தாய்லாந்தில் 1990-இல் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. நியூசிலாந்தில் 1994-இல், பலிக்கவில்லை. 2011-இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வெறும் பொடியைவிட இது மேல் என்று நம்ப ஆதாரம் போதாது என்றது. நம் ஊர் மேடைகளில் 1988 மட்டும் இன்னும் முழங்குகிறது, 1990-ம் 2011-ம் வந்து சேரவில்லை.

அப்படியானால் சித்தப்பா 92-இல் எப்படிப் பிழைத்தார்? காமாலை தானாகப் போனது. ஏ-யாகவோ ஈ-யாகவோ இருந்தால் பெரும்பாலும் போய்விடும். பி-யாகவே இருந்தாலும், வளர்ந்த பிறகு தொற்றுகிற பி-யை 100-க்கு 95 பேரின் உடம்பு தானே அடக்கிவிடும். பிறந்த குழந்தைக்கு அம்மாவிடமிருந்து தொற்றினால்தான் தலைகீழ், 90 பேருக்குத் தங்கிவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அப்போது கொடுத்திருப்பது ஓய்வும் குளுக்கோஸும்தான். இதைச் சித்தியிடம் போனிலேயே சொன்னேன். "நிஜமாவா? எனக்காகச் சொல்றியா?" என்றார். நிஜமாத்தான் சித்தி.

இவ்வளவும் எழுதினாலும் அந்த வாட்ஸ்அப் கட்டுரையின் மேல் எனக்கு உண்மையான கோபம் வேறொரு இடத்தில். லிம்போமாவையும் ஹெபடைடிஸ் பி-யையும் ஒரே கட்டுரையில் வைத்துக்கொண்டு, ஒரு நோயாளிக்கு இன்றைக்குப் பயன்படக்கூடிய ஒரே விஷயத்தை அது சொல்லவில்லை. வைரஸால் புற்று வந்ததா என்பது முப்பது வருடத்துப் பழைய கேள்வி. புற்று மருந்தால் வைரஸ் எழுந்து வருமா என்பது அடுத்த வாரக் கேள்வி.

சித்தப்பாவின் கோப்பைப் புரட்டினேன். மேற்பரப்பு ஆண்டிஜென்: நெகட்டிவ். பக்கத்தில் ஒரு டிக். அந்த மருத்துவமனையில் (ஊர் பெயர் போதும், திருச்சி) அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. 1965-இல் லுகீமியாவின் குறி என்று தப்பாக வாசிக்கப்பட்ட, 1988-இல் அது மறைந்தாலே குணம் என்று வாசிக்கப்பட்ட அதே ஆண்டிஜென், இப்போது "வைரஸ் இல்லை" என்று வாசிக்கப்பட்டிருந்தது. ஆண்டிஜென் இல்லை என்றால் ரத்தத்தில் வைரஸ் அவ்வளவாக உலவவில்லை என்றுதான் பொருள். ஒருமுறை உள்ளே வந்துபோன பி வைரஸின் டிஎன்ஏ, கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வளையமாகச் சுருண்டு ஆயுசுக்கும் கிடக்கும். உடம்பின் காவல் அதை எழவிடாமல் வைத்திருக்கும். நீறு பூத்த நெருப்பு.

இந்த லிம்போமாவுக்கு இன்று கொடுக்கிற முக்கியமான மருந்து ரிட்டுக்சிமாப். பி செல்களைத் தேடிப்பிடித்து அழிப்பது. புற்றான பி செல்லையும் அழிக்கும், காவலுக்கு நின்ற நல்ல பி செல்லையும் அழிக்கும். பிறகு நீறு விலகும். 2009-இல் ஹாங்காங்கில் யோ குழு வெளியிட்ட கணக்கு: ஆண்டிஜென் நெகட்டிவ், ஆனால் பழைய தொற்றின் தடயமான ஆண்டி-எச்பிசி பாசிட்டிவ் என்ற நிலையில் இருந்தவர்கள். ரிட்டுக்சிமாப் இல்லாமல் கீமோ மட்டும் எடுத்த 25 பேரில் ஒருவருக்கும் வைரஸ் எழவில்லை. ரிட்டுக்சிமாப் சேர்த்து எடுத்த 21 பேரில் 5 பேருக்கு எழுந்தது. ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். 21 சின்ன எண்தான், இதுவரை இவ்வளவு பேசிவிட்டு அதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் இதே திசையில் பிறகும் தகவல்கள் குவிந்தன. 2013 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தின் மேலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது: தொடங்கும் முன் எல்லா நோயாளிக்கும் ஆண்டிஜென், ஆண்டி-எச்பிசி இரண்டையும் பாருங்கள்.

புற்றை ஜெயித்துவிட்டு, பழைய காமாலையில் ஒருவர் போவது என்பது எவ்வளவு அநியாயம். இதைத் தடுக்க என்ன தேவை? ஒரு ரத்தப் பரிசோதனை, தினம் ஒரு மாத்திரை.

திங்கட்கிழமை காவிரிப் பாலம் தாண்டிப் போய் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்த்தேன். இளைஞர். நான் பேசி முடிக்கும்வரை கேட்டார், ஒரு நிமிஷம் யோசித்தார், "நியாயம்தான் சார், போட்டுடலாம்" என்றார். முகம் சுருங்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி. லேபில் ஒரு சின்னச் சிக்கல். சீட்டில் ஐஜிஎம் வகை என்று டைப் அடித்திருந்தார்கள். அது புதுத் தொற்றைப் பார்ப்பது. நமக்கு வேண்டியது மொத்த ஆண்டி-எச்பிசி, பழசையும் காட்டுவது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்து தொடங்கப் போகிறார்கள் என்றால் இந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொள்ளுங்க: மொத்தம்.

புதன்கிழமை ரிசல்ட் வந்தது. மொத்த ஆண்டி-எச்பிசி பாசிட்டிவ். பி.சி.ஆர் பரிசோதனையில் வைரஸ் டிஎன்ஏ தென்படவில்லை.

ஆக, எப்போதோ பி வைரஸ் வந்து போயிருக்கிறது. 92-இல் வந்த காமாலை அதுதானா, அல்லது அதற்கும் முன்னால் ஒரே கண்ணாடிச் சிரிஞ்சை அரைகுறையாகக் கொதிக்கவைத்துத் தெருவுக்கே ஊசி போட்ட காலத்தில் ஏறியதா, சொல்ல வழியில்லை. லிம்போமா அதனால் வந்ததா? கொரிய ஆய்வு ஆண்டிஜென் பாசிட்டிவ் ஆனவர்களைப் பற்றியது, சித்தப்பா நெகட்டிவ். அந்த 1.74-ஐக்கூட அவர் மேல் ஏற்ற முடியாது. சித்தியிடம் அப்படியே சொன்னேன். பாதி புரிந்தது என்றார், பாதி போதும் என்றார்.

என்டெகாவிர் மாத்திரை கீமோவுக்கு முன்பே தொடங்கியது. ரிட்டுக்சிமாப் முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டி 18 மாதம் என்கிறது. புற்று போயிடுச்சே, இது எதுக்கு என்று நடுவில் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. இந்த வைரஸ் மெதுவாக, எல்லாரும் மறந்த பிறகு எழும். (மத்திய அரசின் ஹெபடைடிஸ் திட்டம் 2018-இல் தொடங்கியதிலிருந்து இந்த வைரஸ் பரிசோதனைகளும் மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கையில் காசு இல்லாதவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.)

மாத்திரையில் ஒரே கஷ்டம், வெறும் வயிற்றில் போட வேண்டும், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. "காப்பி?" என்று கேட்டார் சித்தப்பா. பால் விட்ட காபியும் சாப்பாட்டுக் கணக்குதான் என்றதும், லிம்போமா என்று சொன்ன நாளில்கூட நான் பார்க்காத முகத்தைப் பார்த்தேன். சித்தி தீர்த்துவைத்தார். அவர் எப்படியும் நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவர். எழுந்ததும் சித்தப்பாவை எழுப்பி மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார். அவர் மறுபடி படுத்துக்கொள்கிறார். ஆறரை மணிக்குக் காபி.

போன வாரம் போயிருந்தபோது மூன்றாவது சுற்று முடிந்திருந்தது. கழுத்தில் நெறி இருந்த இடம் தெரியவில்லை. கல்லீரல் ரிப்போர்ட் சரியாக இருந்தது. சமையலறைச் சுவரில் தினசரிக் காலண்டர், கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருக்கிறார் சித்தி, ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு டிக். இன்னும் எத்தனை காலண்டர் என்று கேட்டார். ஒண்ணரை, இல்லன்னா ரெண்டு என்றேன்.

"இதோட கொஞ்சம் கீழாநெல்லியும் குடுக்கலாமா? மழை பெஞ்சு கரையெல்லாம் தளதளன்னு இருக்கு."

கீமோ நடக்கும்போது அதுவும் வேண்டாம், வேற எந்தப் பச்சிலையும் வேண்டாம், டாக்டரைக் கேக்காம ஒண்ணும் குடுக்காதீங்க சித்தி என்றேன்.

"சரி, கேட்டுச் சொல்லு" என்றார்.